தண்டவாளமில்லாப் பாதையில் ஒரு கொண்டக்டர்

யாரைக் கண்டாலும் அவர் முதலில் பார்ப்பது காலைத்தான். முகத்தைப் பார்த்து "எப்பிடிச் சுகம்?" என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. கிளிநொச்சிச் சந்தையில் மீன் வாங்க நின்றாலும் சரி, சங்கக்கடை வரிசையில் நின்றாலும் சரி, பக்கத்தில் நிற்பவர் எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறார், செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, படி ஏறும்போது எதைப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு திடீரென்று, "உங்களுக்குக் குளக்கட்டுச் சரிவரும்" என்பார். அல்லது, "உங்களைக் காட்டுக்குள்ளாலை கொண்டுபோகலாம், பயமில்லை" என்பார். கேட்டவர், தான் எங்கேயும் போவதாகச் சொல்லவே இல்லையே என்று விழிப்பார்.

அவர் ஒரு பஸ் கொண்டக்டர். நான் அவரை அறிந்த காலத்தில் அவரிடம் பஸ் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியதும் ரயில் நின்றது. பிறகு டீசல் வருவதும் நின்றது. அவர் இருபது வருடத்துக்கு மேலாகத் தொங்கிக்கொண்டு போய்வந்த வவுனியா பஸ், முதலாளி வீட்டு வளவுக்குள் டயர் இல்லாமல் கல்லில் குந்திக்கொண்டிருந்தது. உள்ளே கோழிகள் முட்டையிட்டன. கொண்டக்டரண்ணை என்றுதான், வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். இடைக்கிடை போய் அந்த பஸ்ஸின் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு வருவார். மற்ற நேரங்களில் ஒழுங்கை முகப்பில் நின்ற வேப்பமரக் கொப்பை ஒரு கையால் பிடித்தபடி போகிற வருகிற சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆட்களை ஏற்றி இறக்காமல் அந்த மனிதரால் இருக்க முடியவில்லை.

அவருடைய மனைவி பார்வதியக்கா மலைநாட்டில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். சிறு வயதில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால் என்பதால், ஒழுங்கையில் அவரைப்போல் வேகமாக நடக்க யாராலும் முடியாது. சந்தைக்குப் புறப்பட்டால் புருசனைப் பாதிவழியில் விட்டுவிட்டுப் போய், திரும்பி வரும்போது எதிரில் சந்திப்பார். "எங்கட வீட்டு எக்ஸ்பிரஸ் போகுது" என்பார் கொண்டக்டரண்ணை. "பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லீங்க இந்த மனுசனுக்கு" என்பார் அக்கா.

நடை தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வவுனியா வீதியால் எந்த வாகனமும் போவதில்லை. இப்போது வாகனமே இல்லை. ஒழுங்கைப் பெண்கள் சிலர் வேம்படியில் நின்று அதைச் சொல்லிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "நடந்து போவம்" என்றார் கொண்டக்டரண்ணை. அவ்வளவு தூரம் ஏலாது என்றார் ஒருவர். முழங்கால் நோ என்றார் இன்னொருவர். கைக்குழந்தைக்காரி சிரித்தாள். அவர் பஸ்ஸில் கேட்பதுபோலவே கேட்டார்:

"சரி. ஆராருக்கு எங்கை இறக்கம்?"

எங்கே இறங்கப்போகிறீர்கள் என்று டிக்கெட் கிழிக்கும்போது கேட்கிற கேள்வி அது. அன்று அதில் எல்லாம் மாறியது. வர ஏலுமா ஏலாதா என்று அவர் கேட்கவில்லை. முழங்கால் நோக்காரி கிளிநொச்சி ஸ்டேசன் மட்டும், கைக்குழந்தைக்காரி அதற்கு அங்காலே இருந்த வாய்க்கால் மட்டும், பார்வதியக்காவோடு இன்னும் இரண்டு பேர் முறிகண்டி மட்டும் என்று போனார்கள். திரும்பும்போது அவரவரை அந்தந்த இடத்தில் சேர்த்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக ஒழுங்கைக்குள் வந்தார்கள். நான் எங்கள் வீட்டு வாசல் படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதை என்பது பழைய ரயில் பாதை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மிஞ்சியது சல்லிக்கல் பரவிய ஒரு நீண்ட மேடு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டு பக்கமும் மண் எடுத்த கிடங்குகளில் மழைத் தண்ணீர் தேங்கி ஆம்பல் பூத்திருக்கும். அந்த மேட்டைக் கொண்டக்டரண்ணை "மெயின் ரூட்" என்பார். அதைத் தவிர இரணைமடுக் குளக்கட்டு இருந்தது; முறிகண்டியிலிருந்து அக்கராயனுக்குக் காட்டுக்குள்ளால் போகும் வழி இருந்தது. குண்டு போடும் பொம்மர் விமானம் சுற்றுகிற நாட்களில் மேட்டுப்பக்கம் யாரையும் விடமாட்டார். மரநிழல் இருக்கிற வழியாகத்தான் போவார்.

ஓர் ஆளை எங்கே இறக்குவது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இறங்குகிற இடத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். ஒரு மயில் மேய்கிற வெளி, குரங்குகள் பாய்கிற பாலைமரம், ஆம்பல் கிடங்கு, ஏதோ ஒன்று. இல்லையென்றால் அதை ஒரு தரிப்பிடம், ஒரு ஹோல்ட் என்று ஒத்துக்கொள்ளமாட்டார்.

"கடைசியிலை இறங்கிறவனுக்கு மட்டும் வடிவெண்டா, நடுவிலை இறங்கிறவன் என்ன பாவம் செய்தவன்? அரைவழியிலை இறங்கிறவனும் ஒரு இடத்துக்குத்தான் வந்தவன்" என்பார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். எனக்கு அப்போது வயது இருபத்திமூன்று. குழந்தையாக இருக்கும்போது வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடதுகால் சூம்பிப் போய்விட்டது. இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்தால்தான் அந்தக் காலில் ஊன்றி மற்றக் காலைத் தூக்கி வைக்க முடியும். வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பேன். வெளியே போக வேண்டுமென்றால் யாராவது சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான்.

"இவளுக்கு ஏலாது தம்பி" என்றார் அம்மா, படலையைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, நான் இவ்வளவு காலம் பஸ்ஸிலை நிண்டனான். இஞ்சையிருந்து வவுனியா மட்டும் எல்லா ஹோல்டும் எனக்குப் பாடம். ஏலாது எண்டு ஒரு ஹோல்ட் நான் காணேல்லை."

அம்மா படலையைச் சாத்திவிட்டார்.

அவர் கோபிக்கவில்லை. அடுத்த கிழமையும் வந்தார். இந்த முறை அம்மாவிடம் பேசாமல் வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, உமக்கு ஸ்டேசன் மட்டும். வாறீரோ?"

ஸ்டேசன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ரயில் ஓடிய காலத்தில் அதன் சத்தத்தில் எங்கள் குசினித் தட்டுகள் நடுங்கும். ஆனால் நான் அங்கே நடந்து போனது அன்றுதான் முதல்முறை. பிளாட்போம் விளிம்பில் கொடிகள் படர்ந்திருந்தன. மூட்டை நிறுக்கிற தராசின் இரும்புத் தட்டு மட்டும் கழற்ற முடியாமல் நிலத்தோடு கிடந்தது. அதில் இருக்கச் சொன்னார். இருந்து தெற்கே பார்த்தேன். மேடு ஒரே நேராகப் போய்க் காட்டுக்குள் ஒரு புள்ளியாக மறைந்தது. நான் அதுவரை பார்த்ததெல்லாம் ஒழுங்கை, வேலி, அடுத்த வேலி. இவ்வளவு தூரத்தை ஒரே பார்வையில் பார்த்ததில்லை. எனக்கு மூச்சு வாங்கியது நடந்ததால்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

"அங்காலை என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு" என்றார்.

எல்லோரும் அவரை நல்லவர் என்று சொன்னதாக நினைக்க வேண்டாம். ஆனையிறவில் சண்டை நடந்து, இயக்கத்துக்குப் போன பிள்ளைகளின் உடல்கள் வந்துகொண்டிருந்த ஊர் அது. ஒருநாள் வேம்படியில் ஒருவர் அவரைப் பிடித்துக் கேட்டார்: "சனம் செத்துக்கொண்டிருக்கு. நீர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு உலாப் போறீர். வெக்கமில்லையோ?"

பக்கத்தில் நின்ற யாரோ கொண்டக்டரண்ணைக்குச் சார்பாக, "நாளைக்கு எழும்பி ஓட வேண்டி வந்தா நடந்து பழகின கால் வேணுமெல்லோ, அதுக்குத்தான்" என்றார்கள். நல்ல பதில்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தலையை ஆட்டி மறுத்தார்.

"இல்லை. அதுக்கில்லை. வடிவா இருக்கு, அதுதான் கொண்டுபோறன்."

கேட்டவர் துப்பிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அவர் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வழமைபோல வேம்படியில் நின்றார்.

சண்முகம் ஐயாவின் கதையையும் சொல்ல வேண்டும். கச்சேரியில், அரசாங்க மாவட்ட அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன. "குருடனுக்கு என்னத்தைக் காட்டப் போறீர்?" என்று கொண்டக்டரண்ணையை ஏசினார். அவர் மாரி மழை பெய்து இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்வரை காத்திருந்தார். பிறகு ஐயாவைச் சைக்கிளில் ஏற்றிக் குளக்கட்டு வரை கொண்டுபோய், கட்டில் நடக்கவைத்து, வான்கதவடியில் நிறுத்தி, கையை எடுத்து இரும்புக் கம்பியில் வைத்தாராம். தண்ணீர் விழுகிற வேகத்தில் கம்பி நடுங்கும்; தூவானம் முகத்தில் அடிக்கும். ஐயா அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டி உடுத்து, பொல்லை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வேம்படிக்கு வந்து நின்றார்.

எனக்கும் கொண்டக்டரண்ணைக்கும் இடையில் ஒரு சண்டை வந்தது. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அது முன்னுக்கு வந்து நிற்கும்.

ஸ்டேசன் மட்டும் தனியாகப் போய்வர நான் பழகிவிட்டேன். ஒருநாள் பின்னேரம் தராசுத் தட்டில் இருந்தபோது, மேட்டில் கொஞ்சத் தூரத்தில் ஒருவர் நடந்துபோவது தெரிந்தது. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். இடதுகாலை இழுத்தார். இடது கையால் தொடையை அழுத்தினார். உடம்பைச் சரித்து மற்றக் காலைத் தூக்கி வைத்தார். என்னுடைய நடை. அப்படியே என்னுடைய நடை. கிடங்கோரமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் திரும்பிச் சிரித்தார். கொண்டக்டரண்ணை.

நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்படி நடந்து காட்டியிருக்கிறார்கள். அது எனக்குப் பழகியது. ஆனால் இவர் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. அவர் வந்து கூப்பிட்டபோது நான் இல்லை என்று அம்மாவைக் கொண்டு சொல்வித்தேன். பல வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போயின. அம்மா காரணம் கேட்கவில்லை. நான் வீட்டில் இருப்பது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியில் பார்வதியக்கா வந்தார். "என்னம்மா, எங்க ஆள் மேல கோவமா இருக்கீங்களாமே? என்னா செஞ்சிச்சு?"

சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, அதுவா? எல்லாருக்கும் அப்படித்தாங்க செய்யும் அந்த மனுசன். புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒன்னு வர்றேன்னு சொன்னப்ப, வயித்துல தலகாணிய கட்டிக்கிட்டுக் குளக்கட்டு மேல நடந்திச்சு. சண்முகம் ஐயாவுக்காகக் கண்ணக் கட்டிக்கிட்டுப் போயி வாய்க்கால்ல உழுந்துட்டு வந்திச்சு. தான் நடந்து பாக்காத வழியில ஒருத்தரையும் கூட்டிட்டுப் போவாதுங்க."

அன்று பின்னேரம் அவரே வந்தார். படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றார். கையில் ஒரு மட்டைத் துண்டும் கிழிந்த சாரத் துணியும் இருந்தன. முழங்கால் மடங்காமல் வைத்துக் கட்டியவை.

"தங்கச்சி, உம்மைப் பகிடி பண்ணேல்லை."

"தெரியும். அக்கா சொன்னவா."

"சிலிப்பர் கட்டை எடுத்த இடமெல்லாம் பள்ளமாக் கிடக்கு. நல்ல காலுக்கு அது தெரியாது. இழுக்கிற காலுக்குத்தான் தட்டும். அதைப் பாக்கத்தான் நடந்தனான்."

"அது சரி அண்ணை. ஆனா அது என்ரை நடை. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். பள்ளம் எங்கை தட்டும் எண்டு நானே சொல்லியிருப்பன்."

அவர் மட்டையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் இறங்குமிடம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், வாய் திறக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"ஓம்" என்றார். "டிக்கெட் எடுக்காமல் ஏறின மாதிரித்தான். கேட்டிருக்கோணும். பிழை என்ரதுதான்."

"அப்ப இப்ப கேளுங்கோ."

"எங்கை இறக்கம், தங்கச்சி?"

"முறிகண்டி."

எனக்கு அவர் யோசித்து வைத்திருந்தது வழியில் துருப்பிடித்து நிற்கிற சிக்னல் கம்பம் மட்டும்தான் என்று பிறகு பார்வதியக்கா சொன்னார். ஆனால் அன்று அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. "சரி" என்றார். "வெய்யிலுக்கு முன்னம் வெளிக்கிடுவம்."

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் தானாக இடம் சொன்னதில்லை. காலைப் பார்ப்பார், ஆனால் வாய் திறப்பது கேட்பதற்குத்தான்.

முறிகண்டிக்கு நான் நடந்தது என் வாழ்வில் நான் செய்த பெரிய காரியங்களில் ஒன்று. சல்லியை விட்டு மேட்டின் ஓரமாகப் புல் முளைத்த ஒற்றையடித் தடத்தில் நடந்தோம். பள்ளம் வருகிற இடங்களில் அவர் முன்கூட்டியே ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து நட்டிருந்தார். காடு தொடங்கியதும் இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வந்தன. மேலே வானம் ஒரு வாய்க்கால்போலத் தெரிந்தது. ஓரிடத்தில் சிறு பாலம் ஒன்று இருந்தது. கட்டைகள் போய் வெறும் இரும்பு மட்டும் நின்றது. அவர் என்னைக் கீழே காய்ந்த ஆற்று மணலால் கூட்டிப்போய் அந்தப் பக்கம் ஏற்றினார். மணலில் தண்ணீர் தேங்கிய ஒரு குழியைச் சுற்றி மான் குளம்படிகள் பதிந்திருந்தன. ஈரம் காயாத புதுத் தடங்கள். "இப்பதான் தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கு" என்றார், தானே கொண்டுவந்து விட்டவர்போல.

சிக்னல் கம்பத்தடியில் இருந்தோம். அதன் உச்சியில் ஏதோ ஒரு பறவை கூடு கட்டியிருந்தது. பிறகும் நடந்தோம். என் கை தொடையில் அழுத்தி அழுத்திச் சிவந்துபோனது. ஓரிடத்தில் நான் நின்றேன். அவர், "இதிலை இறங்கிறீரோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தக் குரலில் இரக்கமும் இல்லை, உசுப்பேற்றலும் இல்லை. இறங்கினால் இறங்கியதுதான், அதில் குறைவில்லை என்ற குரல். அதனால்தானோ என்னவோ, இல்லை என்று சொல்ல எனக்குப் பலம் வந்தது.

கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டதைவிட, வாசலில் சூடாகக் கச்சான் கடலை வாங்கிக் கோதை உடைத்துத் தின்றதுதான் எனக்கு நினைவு. அதுவரை முறிகண்டிக் கச்சானை யாராவது வாங்கிவந்து தந்துதான் தின்றிருக்கிறேன். ஆறின கச்சான். சூடாக இருக்கும்போது அதன் ருசி வேறு.

திரும்பி ஒருவரின் சைக்கிள் கரியரில் வந்தேன். "இறங்கினாப் பிறகு எதிலை போறதெண்டது பயணியின்ரை விருப்பம்" என்றார் கொண்டக்டரண்ணை. வீட்டில் அம்மா வாசலில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கச்சான் கொண்டுவந்தனியோ?" என்று மட்டும் கேட்டார். இரவு காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அவரை ஒருநாளும் எங்களோடு வரவைக்க முடியவில்லை. "நானும் வந்தா வீட்டை ஆர் பாக்கிறது?" என்பார்.

பிறகு அந்த வீட்டையே விட்டு எழும்ப வேண்டி வந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஆமி பரந்தனைத் தாண்டி வருகிறது என்ற கதை காலையில் வந்தது. பின்னேரம் ஷெல் எங்கள் பக்கம் விழத் தொடங்கியது. பெரிய வீதியில் சனமும் மாடும் உழவு இயந்திரமும் ஒன்றாக நெருக்குப்பட்டன. எங்கள் ஒழுங்கைச் சனம் வேறு எங்கும் போகாமல் வேம்படிக்கு வந்தது. யாரும் சொல்லி வரவில்லை.

கொண்டக்டரண்ணை அன்று நீட்டிப் பேசவில்லை. சைக்கிளும் சாமானும் உள்ளவர்களை வீதியால் அனுப்பினார். நடக்கக்கூடியவர்களைப் பார்வதியக்காவிடம் கொடுத்து, "நீ முன்னுக்குப் போ. அக்கராயன் குளத்தடியிலை மரம் பாத்து இடம் பிடிச்சு வை" என்றார். சண்முகம் ஐயா, அம்மா, நான், இன்னும் இரண்டு வயதானவர்கள். எங்களைத் தன்னோடு வைத்துக்கொண்டார். எங்களுக்கு ரயில் மேடு.

ஸ்டேசனைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் அம்மா சல்லியில் இருந்துவிட்டார்.

"எனக்கு ஏலாது. நீங்கள் போங்கோ. நான் வீட்டை போறன்."

பின்னால் ஷெல் விழுந்தது. கொண்டக்டரண்ணை அம்மாவின் காலைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இவ்வளவு காலமும் அம்மா எங்களோடு ஓர் அடிகூட நடந்ததில்லை. எது அம்மாவுக்கு ஏலும், எது ஏலாது என்று அவருக்குத் தெரியாது. அவர் முகத்தில் அது எழுதியிருந்தது.

எனக்கும் தெரியாது. ஆனால் அந்த மேடு எனக்குத் தெரியும். நான் அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றேன்.

"அம்மா, அக்கராயனுக்கு வர வேண்டாம். முதல் அந்த ஆம்பல் கிடங்கு மட்டும் வாங்கோ. அதிலை இறங்குவம்."

"பேந்து?"

"பேந்து அங்கை கேப்பன்."

அம்மா என் தோளைப் பிடித்து எழும்பினார். நான் தொடையை அழுத்தி நடந்தேன். அம்மா என்னைப் பிடித்து நடந்தார். ஆம்பல் கிடங்கு வந்தது. பிறகு நான் பாலைமரத்தைச் சொன்னேன். பிறகு சிக்னல் கம்பம். இருட்டத் தொடங்கியது. பள்ளங்கள் எங்கே வரும் என்று என் இடதுகாலுக்குத் தெரியும். கொண்டக்டரண்ணை முன்னால் போனவர் நின்றார். விலகி எங்களைப் போகவிட்டார்.

"நீர் முன்னுக்குப் போம், தங்கச்சி. இது உம்மடை ரூட்" என்றார். சண்முகம் ஐயாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். அந்த வழி முழுக்க நான் சொன்ன இடங்களில்தான் எல்லோரும் நின்றார்கள். நான் எழும்பியபோது எழும்பினார்கள்.

முறிகண்டியில் விடிந்தது. அங்கிருந்து காட்டு வழியால் அக்கராயனுக்கு ஒரு மாட்டு வண்டில் கிடைத்தது. பார்வதியக்கா குளத்தடியில் ஒரு பெரிய மருதமரத்தைப் பிடித்து, அதன் கீழ் சீலையால் எல்லை கட்டி, காவலுக்கு நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் நானும் அம்மாவும் சுற்றிச் சுழன்று வவுனியா வந்து சேர்ந்தோம். இங்கே தையல் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. கொண்டக்டரண்ணை வரவில்லை. அக்கராயனிலும் பிறகு அதற்கு அங்காலேயும் இருந்திருக்கிறார். இரண்டாயிரமாம் ஆண்டு மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனார் என்று, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர் மூலம் பார்வதியக்கா சொல்லி அனுப்பினார். கடைசிக் கிழமை வரைக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்வந்தார் என்றும் சொல்லியிருந்தார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நான் அவரை நினைக்கிறபோது, அக்கராயனில் மரத்தடிக்கு வந்து சில நாள் கழித்த ஒரு காலையையும் சேர்த்துத்தான் நினைப்பேன். மழை பெய்து எல்லாம் நனைந்திருந்தது. பாதிச் சனத்துக்குக் காய்ச்சல். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அம்மா வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. சமைத்துத் தந்தால் தின்றார், தராவிட்டால் கேட்கவில்லை. மரத்தில் சாய்ந்து, வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டக்டரண்ணை சேற்றுக் காலோடு வந்தார். இரண்டு நாளாகக் குளத்தைச் சுற்றி நடந்திருக்கிறார். "குளத்துக்குப் பின்பக்கம் ஒரு இடம் இருக்கு" என்றார். "தூரமில்லை. ஆரும் வாறியளோ?"

"உனக்கு விசரோ?" என்று ஒரு மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கால் வீங்கி நிலத்தில் வைக்க முடியாமல் இருந்தது. அவர் என்னைக் கேட்கவும் இல்லை; பார்த்தாலே தெரியும். திரும்பிப் போகப் பார்த்தார்.

"தம்பி, நில்லும்" என்றார் அம்மா.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். அம்மா மரத்தைப் பிடித்து எழும்பி, சீலையை உதறி, கொய்யகத்தைச் சரிசெய்துகொண்டார். பார்வதியக்கா ஒரு பக்கமும் கொண்டக்டரண்ணை ஒரு பக்கமுமாக, மூவரும் குளக்கட்டில் ஏறிப்போனார்கள். எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கிய அக்கா அன்று அம்மாவின் காலுக்குத் தன் காலை அளந்து வைத்து நடந்தார்.

வெய்யில் ஏறிய பிறகு திரும்பி வந்தார்கள். அம்மாவின் சீலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது, ஆனால் தெளிந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்னம்மா இருந்தது அங்கை?"

"தண்ணிதான். தண்ணிக்குள்ளை பட்ட மரங்கள் நிக்குது. மரம் முழுக்கக் கொக்கு. வெள்ளையா, பூத்த மாதிரி." நனைந்த சீலைக் கரையைக் கூட்டிப் பிடித்தார். "இதிலை இருங்கோ அம்மா எண்டு ஒரு கல்லைக் காட்டிப்போட்டு, அதுகள் ரெண்டும் அங்காலை போட்டுதுகள். ஒருத்தரும் கிட்ட நிக்கேல்லை. நல்லா அழுதனான்."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் அதை மெதுவாக எடுத்துவிட்டு, ஈரச் சீலையைப் பிழிந்தார். பிறகு நாங்கள் கொண்டுவந்த பானையைத் தன் பக்கம் இழுத்து உள்ளே பார்த்தார்.

"அரிசி கிடக்குத்தானே?" என்றார். "அடுப்புக்குக் கல்லுப் பாத்து வை. அதுகளுக்கும் சேத்து உலை வைப்பம்."